சுவரில் மாட்டியிருக்கும் தாளைப் படியுங்கள்



பெரட்டுக்கு வராத ஓர் அக்காவைத் தேடிப் போனதிலிருந்து இந்த வாரம் தொடங்குகிறேன். கரங்கான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருந்தடிக்கும் கோஷ்டியில் வேலை செய்பவர். ஒரு நாள் வேலையைக்கூட வீணாக விடாதவர் இரண்டு நாளாக வரவில்லை என்றதும் வீட்டுக்குப் போனேன். குப்புறப் படுத்திருந்தார். பத்து நாளைக்கு முன் காய்ச்சலென்று டவுன் கிளினிக் ஒன்றில் ஊசி போட்டுக்கொண்டாராம். போட்ட இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டி, உட்காரக்கூட முடியாத நிலை.

"ஊசி போட்டது யாருக்கா?" என்று கேட்டேன்.

"கவுண்டர்ல மருந்து கட்டிக் கொடுக்குற பொண்ணுதான் தம்பி. டாக்டரு அன்னிக்கு வெளியூரு போயிருந்தாராம்."

எம்சியை வாங்கிப் பார்த்தேன். டாக்டரின் முத்திரையும் கையெழுத்தும் ஒழுங்காக இருந்தன. ஊரில் இல்லாத டாக்டரின் கையெழுத்து!

அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டியைக் கீறி, இப்போது அக்கா சுகமாக இருக்கிறார். எந்தக் கிளினிக் என்று இங்கே எழுதப் போவதில்லை. புகார் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. என் மனதை உறுத்தியது அவர் அன்று சொன்ன இன்னொரு வார்த்தை. "அந்தப் பொண்ணு நர்ஸான்னு ஏன் கேக்கலை?" என்றதற்கு, "டாக்டர் வீட்டுல போயி நாம எப்படித் தம்பி கேள்வி கேக்குறது?" என்றார்.

துரையின் பங்களாவுக்கு எதிரே செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற தலைமுறையின் பழக்கம் இது. துரை போய்விட்டார், பங்களா பாழடைந்துவிட்டது, பழக்கம் மட்டும் கிளினிக்கு வாசல் வரை வந்து நிற்கிறது. சம்பளச் சீட்டில் ஐம்பது காசு குறைந்தால் ஆபீசுக்குப் போய்க் கேட்கிறோம். உடம்புக்குள் ஏறுகிற ஊசியைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. சட்டமோ கேட்கச் சொல்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

அதற்கு முன் பழைய நாளைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் படித்தது தோட்டத் தமிழ்ப்பள்ளியில். பள்ளிக்கூடத்துக்கும் ஆயாக் கொட்டகைக்கும் நடுவில் மருந்துக் கொட்டகை. அங்கே டிரசர் ஐயா. ஸ்பிரிட் அடுப்பில் தகர டப்பா வைத்துக் கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்கப் போட்டிருப்பார். அந்தச் சத்தம் கேட்டாலே வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடும். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டிப் போட்ட காலமும் இருந்தது என்று என் தாயார் சொல்வார். டிரசரைப் பற்றி நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் விளக்கோடு வருவார். காய்ச்சலோடு போனாலும், துரைக்கு ஆள் தேவையென்றால், 'சுகம்' என்று எழுதி வெட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் அவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். தோட்ட மருத்துவ உதவியாளர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1965-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, தொழிற்பேட்டைக்கும் வீடமைப்புக்கும் போயின. மருந்துக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதற்குப் பதிலாக வந்ததுதான் 'பேனல் கிளினிக்'. நிர்வாகம் டவுனில் ஒரு டாக்டரோடு ஏற்பாடு செய்துகொள்ளும். நாம் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே போக வேண்டும். கரங்கான், மகாங் பக்கமிருந்து கூலிமுக்கோ பாடாங் செராய்க்கோ மோட்டார் சைக்கிளில் போய் வருவதற்குள் அரை நாள் கழிந்துவிடும். டாக்டரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம், பணம் கட்டுவது நிர்வாகம், உடம்பைக் கொடுப்பது நாம். அப்படியானால் அந்தக் கிளினிக் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது யார்?

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. நம் நாட்டில் நீண்ட காலம் தனியார் கிளினிக்குக்கென்று தனி உரிமமே இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. டாக்டர் என்று பெயர் பதிந்திருந்தால் கடை வரிசையில் ஒரு லாட் எடுத்துப் பலகை மாட்டிவிடலாம். உள்ளே தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, கருவிகளைச் சுத்தம் செய்கிறார்களா என்று சோதிக்க வழி குறைவு. 1998-இல் நாடாளுமன்றம் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதுவும் எட்டு வருடம் தூங்கி, 2006 மே 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. அன்று முதல் ஒவ்வொரு தனியார் கிளினிக்கும், பல் கிளினிக்கும் சுகாதார அமைச்சில் பதிவு பெற்றாக வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் தனிநபருக்கு 300,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

தண்டனை மிகக் கடுமை என்று டாக்டர்கள் சங்கம் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தது. நாணயமாகத் தொழில் நடத்தும் டாக்டரைக் குற்றவாளிபோல் நடத்தலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் வட்டாரத்தில் இரவு பத்து மணிக்கும் கதவைத் திறந்து, காசில்லை என்றாலும் பிள்ளையைப் பார்த்து அனுப்பும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் நல்ல டாக்டருக்குச் சோதனையால் என்ன நஷ்டம்? எடை சரியாகப் போடுகிற கடைக்காரர் தராசுச் சோதனைக்குப் பயப்படுவதில்லை.

கிளினிக்குக்குள் நுழைந்ததும் சுவரைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அதில் கிளினிக்கின் பெயரும் இடமும் இருக்கும். பலகையில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு பெயர் என்றால் ஏன் என்று கேட்கலாம். அடுத்தது டாக்டர். 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி, பட்டம் வாங்கியது மட்டும் போதாது. வருடா வருடம் மலேசிய மருத்துவ மன்றத்திடம் தொழில் நடத்தும் சான்றிதழ் வாங்க வேண்டும். அது டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாகும். ஒரு டாக்டர் பதிவில் இருக்கிறாரா என்பதை மருத்துவ மன்றத்தின் பெயர்ப் பதிவேட்டில் கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கலாம். நமக்குத் தெரியாவிட்டால் படிவம் ஐந்து படிக்கிற பிள்ளை இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லும். டிக்டாக் பார்க்கிற விரல் இதையும் தட்டட்டுமே.

போலிகள் இந்தக் காலத்தில் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2017-இல் மலாக்காவில், பதிவில்லாமல் பல் கம்பி மாட்டும் தொழில் நடத்திய இளம்பெண் ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்! சந்தையில் பாதி விலைக்குப் பல் கட்டுகிறார்கள் என்றால் நம் பிள்ளைகள்தான் முதலில் வரிசையில் நிற்கிறார்கள்.

பதிவு இருந்தாலே எல்லாம் சரி என்றும் ஆகாது. நம் அக்காவுக்கு ஊசி போட்ட கிளினிக்குக்குப் பதிவு இருந்தது.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நம் குற்றமும் இருக்கிறது. "ஊசி போடாத டாக்டர் ஒரு டாக்டரா?" என்று கேட்பவர்கள் நாம். மாத்திரை கொடுத்தால் "டாக்டரு ஒண்ணுமே பண்ணலை" என்று அடுத்த கிளினிக்குக்குப் போகிறோம். சாதாரணச் சளி, காய்ச்சலுக்கு ஊசி வேண்டியதே இல்லை. நாம் கேட்பதால் போடுகிறார்கள், போடப் போடப் பழக்கமாகிறது.

கம்போடியாவில் பட்டம்பாங் மாநிலத்தில் ரோக்கா என்ற ஊர். நம்மைப் போல் விவசாய வேலை செய்யும் ஜனங்கள். அங்கே உரிமம் இல்லாத ஒரு வைத்தியர் இருந்தார். ஊரே அவரைக் கும்பிட்டது. வீட்டுக்கே வருவார், கடனுக்கு மருந்து கொடுப்பார், கேட்டவுடன் ஊசி போடுவார். 2014-ஆம் ஆண்டுக் கடைசியில் ஒரு கிழவருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. பிறகு அவர் குடும்பத்தில், பிறகு பக்கத்து வீட்டில். சோதித்துக்கொண்டே போனதில் 200-க்கும் மேற்பட்டோருக்கு அந்தக் கிருமி இருந்தது. குழந்தைகள், பாட்டிகள், புத்த பிக்குகள் கூட. எல்லாம் ஒரே ஊசிக்குழலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் வந்த வினை. 2015 டிசம்பரில் அந்த ஆளுக்கு 25 ஆண்டு சிறை. அவர் கெட்டவரா? ஊர்க்காரர்களில் பலர் கடைசிவரை அவரை நல்லவர் என்றே சொன்னார்கள். நல்லவருடைய ஊசியும் அழுக்காக இருக்கலாம்.

2019-இல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் ரத்தோடெரோ என்ற ஊரிலும் இதே கதை. அங்கே நூற்றுக்கணக்கில் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். 2000-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் அசுத்த ஊசியால் சுமார் 2 கோடி 10 லட்சம் பேருக்கு ஹெப்படைட்டிஸ் பி என்ற ஈரல் நோய் தொற்றியிருக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த நோய்க்கான தடுப்பூசி போடத் தொடங்கியது 1989-இல். அதற்கு முன் பிறந்த நாம் பலர் அந்தக் காப்பு இல்லாமலே இருக்கிறோம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "ஊசியை மாத்திட்டாங்க, குழல் மட்டும்தான் பழசு" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். ஊசி குத்தும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் குழலுக்குள் ஏறும். புது ஊசியைச் செருகினாலும் பழைய குழலில் இருக்கும் கிருமி அடுத்தவருக்குப் போகும். அந்தக் குழலைப் பத்துப் பேருக்கான மருந்துக் குப்பிக்குள் விட்டால் குப்பியே கெட்டுவிடும். ஆகவே உறையிட்ட ஊசியும் குழலும் உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். போட்டு முடித்தவுடன் மூடி மாட்டாமல் நேராக மஞ்சள் பெட்டியில் போட வேண்டும். அந்தப் பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி அனுப்பிவிட வேண்டும். அது வழிந்து, ஊசி முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுத்தம் செய்யும் பெண்ணுக்குத்தான் முதலில் குத்தும். அந்தப் பெண்ணும் பெரும்பாலும் நம் லயத்துப் பிள்ளைதான். மருத்துவக் கழிவைச் சாதாரணக் குப்பையோடு கொட்டக் கூடாது என்று 2005-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகள் சொல்கின்றன. கிளினிக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் ஊசியைப் பார்த்தால் தொடாதீர்கள். படம் பிடித்து வையுங்கள்.

காயம் தைக்கும் கத்தரி, இடுக்கி போன்றவை வேறு வகை. டிரசர் காலத்துக் கொதிநீர் இன்று போதாது, சில கிருமி வித்துகள் அதில் பிழைத்துக்கொள்ளும். பிரஷர் குக்கர் மாதிரி ஒரு கலத்தில், 121 டிகிரி நீராவியில், அழுத்தத்தோடு பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் வைப்பார்கள். உறையின் மேல் ஒட்டியிருக்கும் நாடாவில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் அந்த உறை கலத்தின் சூட்டில் இருந்து வந்தது என்று அர்த்தம். கோடு இல்லாத உறையைப் பிரித்தால், "டாக்டர், இது வெந்ததா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். கோபிக்க மாட்டார்.

ஊசி போடுமுன் "எந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்காது?" என்று அவர்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதைப் போட்டால் சில நிமிடங்களில் மூச்சு அடைத்துவிடும். செம்பனையில் குளவி கொட்டி வருகிறவருக்கும் இதே ஆபத்து. அந்த நேரத்தில் அட்ரினலின் மருந்தும் ஆக்சிஜனும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உயிர் காக்கும் முதல் உதவிக்கு எந்நேரமும் தயாராக இருப்பது ஒவ்வொரு தனியார் கிளினிக்குக்கும் கடமை என்று மேலே சொன்ன சட்டமே கூறுகிறது. "பேனல் சீட்டு எங்கே?" என்று கேட்டு நிறுத்தி வைக்கிற விஷயமல்ல அது. நம் தோட்டங்களிலிருந்து கூலிம் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மருந்துப் பையைப் பற்றி இரண்டு வார்த்தை. 1952-ஆம் ஆண்டு நஞ்சுச் சட்டத்தின் விதிகளின்படி, கொடுக்கும் மருந்தின் மேல் உங்கள் பெயர், மருந்தின் பெயர், எப்படிச் சாப்பிடுவது, தேதி, கொடுத்த கிளினிக்கின் பெயர், முகவரி இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் பையில் 'மூன்று வேளை' என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளை ராத்திரி வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அங்கே கேட்கும் முதல் கேள்வி, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதுதான். "வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை" என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? முழுப் பெட்டியாகவோ போத்தலாகவோ வாங்கினால் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு எண்களும் ஓர் எழுத்தும் கொண்ட பதிவு எண்ணைப் பாருங்கள். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று ஆணை வந்திருக்கிறது. பேனல் சீட்டில் போகாமல் கைக்காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி மருந்தடிக்கும் பெண்களுக்கு. பராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காகத் தெனாகானித்தா போன்ற இயக்கங்கள் எத்தனை வருடம் கத்தின என்பது நமக்குத் தெரியும். 2002-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் பேசியவர்கள் நம் தோட்டத்துப் பெண்கள்தான். ஆனால் பராகுவாட் போனதால் தோளில் சுமக்கும் டாங்கு காலியாகிவிடவில்லை, வேறு மருந்துகள் வந்திருக்கின்றன. தொழிலிட இரசாயனங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆபத்துள்ள மருந்தைக் கையாள்பவருக்குக் கண்காணிப்புத் தேவை என்று மதிப்பீட்டில் தெரிந்தால், பன்னிரண்டு மாதத்துக்கு மிகாமல் ஒரு முறை மருத்துவச் சோதனை செய்ய வேண்டும். செலவு முதலாளியுடையது. அந்தச் சோதனையை எல்லா டாக்டரும் செய்துவிட முடியாது. தொழில்சார் சுகாதார டாக்டராகப் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். சோதனையின் முடிவைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவரையும் தாய்ப்பால் கொடுப்பவரையும் அந்த வேலையிலிருந்து மாற்ற அதே விதியில் இடமிருக்கிறது.

நடப்பது என்ன? லாரியில் ஏற்றிக்கொண்டு போய், வரிசையில் நிற்கவைத்து, நாடி பார்த்து, தாளில் முத்திரை குத்தி அனுப்புவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பூச்சிமருந்துகளில் ஒரு வகை நரம்பைப் பாதிக்கும், ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ரத்தமே எடுக்காத சோதனையில் என்ன தெரியும்? "முப்பது பேரை ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டாங்கண்ணே" என்று ஒரு தங்கச்சி பெருமையாகச் சொன்னது. ஆளுக்கு இரண்டு நிமிடம்!

எம்சிக்கும் வருகிறேன். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடம் 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில் இருந்தால் 60 நாள் வரை. ஆனால் அந்த எம்சி பதிவு பெற்ற டாக்டர் பார்த்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும். டாக்டர் பார்க்காமல் கவுண்டரில் வாங்கிய எம்சி, மருந்து போலத்தான். ஒரு நாள் நிர்வாகம் தோண்டினால் சம்பளமும் போகும், பெயரும் போகும். 'ஈஸியாக எம்சி கிடைக்கும்' என்று ஒரு கிளினிக்கை நாமே தேடிப் போகிறோமே, அதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. பேனல் டாக்டர் நியாயமான நேரத்துக்குள்ளோ தூரத்துக்குள்ளோ கிடைக்கவில்லை என்றால் வேறு பதிவு பெற்ற டாக்டரையோ அரசாங்க டாக்டரையோ பார்க்கலாம், அந்த எம்சியும் செல்லும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

சரி, குறை கண்டால் என்ன செய்வது? முதலில் கிளினிக்கிலேயே சொல்லுங்கள். நோயாளியின் குறையைக் கேட்க ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. கேட்கவில்லையென்றால் அலோர் ஸ்டாரில் இருக்கும் கெடா மாநில சுகாதார இலாகாவுக்கு எழுதலாம். தனியார் கிளினிக்குகளைச் சோதிக்கும் பிரிவு அங்கே இருக்கிறது. எழுதும்போது ஆத்திரத்தை எழுதாதீர்கள். தேதி, நேரம், ஊசி போட்டவர் யார், என்ன மருந்து, பில், மருந்துப் பை, எம்சி நகல், இவைதான் பேசும். நம் அக்கா மருந்துப் பையைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததால்தான் புகாருக்குக் கால் முளைத்தது. மலாய் எழுத வராதவர்களுக்குச் சங்க அலுவலகத்தில் எழுதித் தருவோம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் பக்கத்திலேயே இருக்கிறது, நம் ஜனங்களின் புகாரைப் பல காலமாகக் கேட்டு வருபவர்கள்.

பேனல் டாக்டரைப் பற்றித் தனி ஆளாகப் பேசப் பயமிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் கமிட்டி இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கூட்டத்தில் கையுறை, பூட்ஸ் பற்றி மட்டும் பேசிவிட்டு வெறும் டீ குடித்து வராமல், பேனல் கிளினிக்கின் பதிவு எண் என்ன, மருந்தடிப்பவர்களைச் சோதிக்கும் டாக்டர் தொழில்சார் சுகாதார டாக்டரா, போன வருட முடிவுகள் எங்கே என்று கேட்டு, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்காகவும் கேளுங்கள். மருந்துப் பையில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாதவர்கள் அவர்கள். நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றார்கள்.

அந்த அக்கா போன திங்கட்கிழமை மறுபடியும் பெரட்டுக்கு வந்துவிட்டார். இடையில் தையல் பிரிக்கப் போன இடத்தில், உறையைக் கண் முன்னால் பிரித்தார்களா என்று கேட்டேன். "பிரிச்சாங்க தம்பி. நான்தான் பிரிக்கச் சொன்னேன்" என்றார்.